விட்ட எழுத்திலிருந்து

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டி.வி.யில் படம் பாதி ஓடும்போது கரண்ட் போய்விட்டது. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற நெய்வேலியில் இப்படி ஆவது அபூர்வம் என்பதால் தெருவே வெளியே வந்து நின்று வானத்தைப் பார்த்தது. கரண்ட் திரும்பி வந்தபோது கதாநாயகிக்குக் குழந்தை பிறந்திருந்தது. கல்யாணம் எப்போது ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரர் கோபத்தில் செட்டையே அணைத்துவிட்டார். எனக்கு எங்கள் கம்ப்யூட்டர் ரூம் சார் ஞாபகம் வந்துவிட்டார். அவர் படம் காட்டியிருந்தால் போன இடத்திலிருந்துதான் ஆரம்பித்திருப்பார். ஒரு கண் சிமிட்டல்கூட விட்டுப்போயிருக்காது.

பிளஸ் டூவைப் பாதியில் விட்டவன் ஒரு மனிதரைப் பற்றி எழுத உட்காருவதா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். ஓரத்தில் ஓட்டை போட்ட பழைய பிரின்டர் பேப்பர் கட்டுக்கட்டாக வீட்டில் கிடக்கிறது. பின்பக்கம் வெள்ளை. வீணாக்குவானேன்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு வெளியூர்க் கம்பெனியில் பிரின்டர் ஆபரேட்டர். மைன்ஸில் நிலக்கரிக்கு மேலே இருக்கிற மண்ணை அள்ளி நீள நீளமான ரப்பர் பெல்ட்டில் போட்டு, ஒரு பெல்ட் அடுத்த பெல்ட்டில் கொட்டி, அது அடுத்ததில் கொட்டி, தூரத்தில் கொண்டுபோய்த் தள்ளுவார்கள். எந்த பெல்ட் ஓடுகிறது, எது நின்றது என்று கம்ப்யூட்டரில் கவனிக்கும் வேலையை எங்கள் கம்பெனி கான்ட்ராக்ட் எடுத்திருந்தது. அதற்கான புரோகிராமை எழுதியவர் சார். திருநெல்வேலிப் பக்கம். ஒல்லி. பேசும்போது வலது கையின் ஆள்காட்டி விரல் காற்றில் எழும்பி நிற்கும்.

அந்த விரல்தான் முக்கியம். பேச்சின் நடுவில் யாராவது குறுக்கே வந்தால் வாய் அந்தப் பக்கம் போகும். விரல் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஒரு நாள் என்னிடம் "மேல்பட்டாம்" என்று சொல்லும்போது போன் அடித்தது. எடுத்தார். சைட்டில் இருந்து யாரோ கத்தினார்கள், இவரும் கத்தினார், ஏதோ எழுதிக்கொண்டார், வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"பாக்கத்துல ஒரு நல்ல பல் டாக்டர் இருக்காராம்."

"எந்தப் பாக்கத்துல சார்?"

"மேல்பட்டாம்பாக்கத்துலல. இப்பதானே சொன்னேன்."

அவருக்கு அது இப்போதுதான். எனக்கு அதற்குள் ஒரு டீ குடித்து முடிந்திருந்தது.

அன்றைக்கே என் ஆராய்ச்சி ஆரம்பமாகிவிட்டது. வார்த்தையின் நடுவில் கதவைத் தட்டுவேன். "சார், ஏ.சி. சத்தம் போடுது" என்பேன். "சார், உங்க செருப்ப நாய் தூக்கிட்டுப் போவுது" என்பேன். கம்ப்யூட்டர் ரூமுக்கு வெளியேதான் செருப்பைக் கழற்றி வைக்க வேண்டும் என்பதால் போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பார்ப்பார், வருவார், விட்ட எழுத்திலிருந்து தொடங்குவார். கோபப்பட்டதே இல்லை. "ஏல சேட்டை, ஒனக்கு வேற சோலியே கிடையாதா" என்பதுதான் அதிகபட்சத் திட்டு. அதையும் பாதியில் நிறுத்தினால் மீதியைத் திட்டிவிட்டுத்தான் போவார்.

குள்ளஞ்சாவடியில் ஒரு தடவை பஸ்ஸுக்கு நின்றோம். அவர் கல்யாணத்தில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்குத் தைத்த சட்டையைப் போட்டுப் பார்த்தால், என்றபோது பஸ் வந்து, நான் முன்வாசலில் ஏற, அவர் பின்வாசலில் மாட்டிக்கொண்டார். அப்புறம் மழை, ஷிஃப்ட், அவர் ஊருக்குப் போனது, என்னென்னவோ. ஒரு மாசம் கழித்து அதே நிறுத்தத்தில் அவரோடு நிற்கிறேன். விரல் எழும்பியது.

"ஒரு பக்கம் கையே இல்லல."

பக்கத்தில் நின்ற கீரைக்காரம்மா பயந்துபோய் அவருடைய இரண்டு கையையும் பார்த்தார்.

இதையெல்லாம் நான் கேன்டீனில் நடித்துக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் ஒரு தடவை பின்னால் நின்று பார்த்துவிட்டு, "விரல இன்னும் கொஞ்சம் மேல தூக்குடே" என்று திருத்திவிட்டுப் போனார்.

சிரிப்பு பாதியில் நின்றுபோன தடவையும் உண்டு. பிரின்டருக்குப் புது ரிப்பன் மாட்டுவது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தார். "இந்தப் பக்கம் கோத்து, அப்புறம் இந்தக் கம்பியை" என்றபோது தந்தி வந்தது. படித்தார். மடித்துப் பையில் வைத்தார். போய்விட்டார். அவருடைய அப்பா இறந்துபோயிருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து மொட்டைத் தலையோடு வந்தார். நேராக என் பிரின்டரிடம் வந்து நின்றார். "மேல தூக்கு" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "அப்பா எப்படி சார் தவறினாங்க?" என்றேன்.

"மாரடைப்பு. போன லீவுல போயிருந்தப்ப எங்கிட்ட ஒண்ணு கேட்டாங்கல. பதில் சொல்லுமுன்ன பஸ்ஸு வந்துட்டு. இப்பப் போயி, தூக்குததுக்கு முன்ன, சொல்லிட்டேன்."

என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை. கம்பியை மேலே தூக்கினேன்.

இப்படி ஒரு ஆளுக்குக் கடவுள் பார்த்துக் கொடுத்த வேலை என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் கொஞ்ச நாளாக டிபக்கர் என்ற ஒன்றைக் குடைந்துகொண்டிருந்தார். என்ன அது என்று கேட்டேன். மெஷினுக்குள் இருக்கிற சிப்பிலிருந்து ஆரம்பித்தார்.

"இதுக்குப் பேரு அறுபத்தெட்டாயிரம்."

"வெலையா சார்?"

"பேருல. கேளு. புரோகிராமுக்குள்ள ஒருத்தன் வேலை பாக்கான்னு வையி. நடுவுல இன்னொருத்தனக் கூப்பிட்டு, இதச் செஞ்சுட்டு வான்னு சொல்லுதான். கூப்பிடும்போதே, திரும்பி எந்த இடத்துக்கு வரணும்னு குறிச்சு வச்சிருவான். அவன் இன்னொருத்தனக் கூப்பிடுவான், அவனும் குறிச்சு வைப்பான். எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கும். அதுதான் ஸ்டாக்கு. புரோகிராம் செத்துப்போச்சுன்னா டிபக்கர் வந்து அந்த அடுக்கைப் பிரிச்சு, யாரு யாரக் கூப்பிட்டான்னு வரிசையாப் பேரு சொல்லும்."

"போலீஸ் மாதிரி."

"ஆனா சிக்னல்னு ஒண்ணு இருக்கு. அது கூப்பிடுதது இல்ல, சட்டையப் பிடிச்சு இழுக்கது. வாயில பாதிச் சோறு இருக்கும்போதே இழுத்துட்டுப் போயிரும். அவன் எதையும் குறிச்சு வைக்கல. அதனால சிஸ்டமே அவன் கையில இருந்தது, மனசுல இருந்தது, நின்ன இடம், எல்லாத்தையும் ஒரு மூட்டையாக் கட்டி அந்த அடுக்குல வச்சிரும். சிப்புக்குச் சிப்பு முடிச்சு வேற. நம்ம டிபக்கருக்கு இந்தச் சிப்போட மூட்டையை அவுக்கத் தெரியல."

"தெரியலன்னா அங்கயே நின்னுடுமா?"

"நின்னா நல்லதுல்லா. நிக்காது. ஒரு கேள்விக்குறியப் போட்டுட்டு அடுத்த ஆளுக்குத் தாவிரும். இழுபட்டவன் எவனோ, அவன் பேரு மட்டும் வரிசையில வராது. பொய்யும் சொல்லல பாரு. ஒரு ஆள விட்டுட்டுச் சொல்லுது."

அந்த மூட்டையை அவிழ்க்க டிபக்கருக்குக் கற்றுக்கொடுப்பதுதான் அவர் வேலை. அதிலும் அவருக்கு ஒரு பிடிவாதம். "கூப்பிட்டவன்னா, அவன் குறிச்ச இடத்துக்கு ஒரு எட்டு பின்னால பாக்கணும், கூப்பிட்ட வரி அங்கதான் இருக்கும். இழுபட்டவனுக்கு அப்படிப் பாக்கக்கூடாது. அவன் எந்த வரியில நின்னானோ அதே வரி. நின்ன இடம் நின்ன இடம்தாம்ல."

விரலைப் பார்த்தேன். இவர் மெஷினுக்குக் கற்றுக்கொடுக்கிறாரா, மெஷினிடம் கற்றுக்கொண்டு வந்தாரா என்று சந்தேகமாக இருந்தது.

திரைக்கு முன்னால் உட்காருகிற ஆபரேட்டர் கலியபெருமாள். என் கூட்டாளி. நாங்கள் கலியன் என்போம். அவன் அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன். பொங்கலுக்குள் பெர்மனென்ட் ஆக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அவன் அம்மா ஒரு நாள் வந்து, ஜன்னல் கண்ணாடி வழியாக அந்த நாற்காலியை நன்றாகப் பார்த்துவிட்டு, உள்ளே வராமலே போனார்.

அலாரம் அடித்தால் கலியன் 'டெலீட்' என்று எழுதியிருக்கும் பொத்தானை ஒரு தடவை அமுக்க வேண்டும். அது சிக்னலாகப் போய், புரோகிராம் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு எந்த பெல்ட் என்று திரையில் காட்டும். அவசரத்தில் இரண்டு தடவை அமுக்கினால் புரோகிராமே செத்துவிடும். அதனால் திரையின் நெற்றியில் 'ஒரு தடவை மட்டும்' என்று பேப்பர் ஒட்டியிருந்தது. அதன் கீழே நான் 'கல்யாணம் போல' என்று எழுதி வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் அலாரம் அடித்தது. கலியன் அமுக்கினான். திரை அப்படியே உறைந்து நின்றது. எல்லா பெல்ட்டும் ஓடுவதாகவே காட்டியது. அங்கே ஒரு பெல்ட் நின்றுவிட்டது, பின்னால் இருந்தது அதன் மேல் மண்ணைக் கொட்டிக்கொண்டே இருந்தது. யாரோ ஓடிவந்து சொல்வதற்குள் மலைபோல் குவிந்து பெல்ட் கிழிந்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் ரப்பர் பெல்ட் என்றால் சைக்கிள் டியூப் இல்லை. மெட்ராஸிலிருந்து மேனேஜர் காரில் வந்து இறங்கினார்.

டிபக்கரை ஓட்டிப் பார்த்தார்கள். மூன்றே வரி. மேலே 'அக்', அதாவது பொத்தான் அமுக்கினால் ஓடுகிற துண்டு. அதற்குக் கீழே ஒரு கேள்விக்குறி. அதற்குக் கீழே 'மெயின்', அதாவது சும்மா உட்கார்ந்து காத்திருக்கிற துண்டு. மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "வேற யாரும் ஓடலையே. பொத்தான்லதான் செத்திருக்கு. ரெண்டு தடவை அமுக்கியிருக்கான்" என்றார்.

சார் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "ரெண்டு தடவ அமுக்கினா புரோகிராம் சத்தமில்லாம மறைஞ்சு போகும்ல. டிபக்கர் பிரிச்சுப் பாக்க அடுக்கு மிஞ்சாது, பொணமே கிடைக்காது. இங்க பொணம் கிடக்கு. இது வேற சாவு." மேனேஜரிடம் ஒரு நாள் டைம் கேட்டார். கொடுத்தார்கள்.

அடுத்த நாள் மத்தியானத்துக்குள் அவர் டிபக்கருக்கு மூட்டையை அவிழ்க்க வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அக். அதற்குக் கீழே கேள்விக்குறி இருந்த இடத்தில், சிக்னல் என்று வந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒரு பேர்: ரீலிங்க். அப்புறம் மெயின்.

நான் கைதட்டினேன். "மாட்டினான். யாரு சார் இந்த ரீலிங்க்?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எழுதுனது."

பெல்ட்டுகள் எந்த வரிசையில் கோத்திருக்கின்றன என்பதைப் புரோகிராம் ஒரு கயிறு மாதிரி வைத்திருக்கும். ஒரு பெல்ட் நின்றால் ரீலிங்க் அந்த முடிச்சை அவிழ்த்து, அதை விட்டுவிட்டு அடுத்ததோடு கட்டும். அவிழ்த்தாகிவிட்டது, இன்னும் கட்டவில்லை, அந்த நேரம் பார்த்து சிக்னல் வந்திருக்கிறது. அக் வந்து அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் கீழே தரை இல்லை.

"அவுக்கும்போது சிக்னல் உள்ள வராதபடி கதவச் சாத்தியிருக்கணும். சாத்தல" என்றார்.

"அப்ப கலியன் மேல தப்பு இல்ல."

"ஒரு தப்பும் இல்ல."

நான் குதித்துக்கொண்டு கலியனிடம் போய்ச் சொன்னேன். அவன் நம்பவில்லை. "இன்னாடா, உன் வேலய எங்கிட்டயே காட்டறியா" என்றான். சத்தியம் செய்தேன். அப்புறம்தான் எனக்கு சாருடைய முகம் ஞாபகம் வந்தது. அவர் ப்ரொபேஷனில் இருந்தார். வீட்டம்மா மாசமாக இருந்தார்.

சாயங்காலம் விசாரணை. மேனேஜர் நாற்காலியில், சார் பக்கத்தில், கலியன் நின்றுகொண்டு. மேனேஜர் கேட்ட பிரின்டை எடுத்துக்கொண்டு நானும் உள்ளே போய்விட்டேன். என் கையில் இருந்தது பழைய மூன்று வரிதான். புதியதை சார் பிரின்ட் எடுக்கச் சொல்லவில்லை.

"ஏம்ப்பா, அங்க ஒட்டி வச்சிருக்கே, படிக்கத் தெரியுமில்ல?"

"தெரியுங்க சார். ஒரு வாட்டிதாங்க அமுக்கினேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

சார் எழுந்தார். விரல் எழும்பியது. "சார், டிபக்கர் காட்டுன வரிசையில ஒரு பேரு விட்டுப்போயிருக்கு. அத இன்னைக்குக் கண்டுபிடிச்சாச்சு. அந்தப் பேரு ரீ"

போன் அடித்தது.

மேனேஜர் எடுத்தார். "ஆமா சார். இல்ல சார், மைன்ஸ்ல பேரு வேணும்னு கேக்கறாங்க, தெரியும். அனுப்பிடறோம் சார். யாரா இருந்தாலும் இன்னிக்கே வேலைய விட்டு அனுப்பிடறோம். ஆமா, யாரா இருந்தாலும்."

விரல் காற்றிலேயே நின்றது. கலியன் அதையே பார்த்தான். நான் அவன் காதில், "பாரு, போன வச்சதும் 'லிங்க்'னு வரும்" என்றேன். எனக்கு அந்த நேரத்தில் உலகத்தில் எதிலும் சந்தேகம் இல்லை. அப்பாவின் பிணத்திடம் போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்த மனிதர்.

மேனேஜர் போனை வைத்தார். "ம், சொல்லுங்க. என்ன பேரு?"

விரல் இறங்கியது. சொல்ல வந்தது முடியாமல் அது இறங்கி நான் பார்த்ததே இல்லை. இறங்கி, மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

"இந்த மெஷின்ல டிபக்கர் அவ்வளவு சரியில்ல சார். உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது."

"ரீலிங்க் சார்" என்றேன் நான். "அந்தப் பேரு ரீலிங்க். பொத்தான் இல்ல சார், கயித்த அவுத்துட்டுக் கட்டல."

மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ யாரு?"

"பிரின்டர் சார்."

"அங்க 'கல்யாணம் போல'ன்னு எழுதி வச்சது நீதானா?"

"ஆமா சார். ஆனா இது"

"வெளிய நில்லு."

சாரைப் பார்த்தேன். அவர் என் கையில் இருந்த பழைய மூன்று வரியைப் படித்துக்கொண்டிருந்தார், அதில் புதிதாக ஏதோ இருப்பது போல.

கலியனை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். ரூமை விட்டுப் போகும்போது அவன் நாற்காலியை மேஜைக்குள் தள்ளி வைத்துவிட்டுப் போனான். வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

நான் சாரோடு பேசவில்லை. இரண்டு பேர் மட்டும் இருக்கிற ரூமில் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பேசியே பிழைக்கிறவனுக்குத்தான் தெரியும். அவர் ரீலிங்க்கைத் திருத்தினார். அவிழ்க்கும்போது கதவைச் சாத்துகிற வரியைச் சேர்த்தார். அதற்கப்புறம் அந்தப் புரோகிராம் சாகவே இல்லை. அடுத்த வாரம் அவரே வந்து ஏதோ பேப்பர் அளவு பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சைட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்து என் எதிரே நின்றார். விரலைத் தூக்கினார். வாயைத் திறந்தார்.

"எங்கல விட்டேன்?"

நான் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை என்று இல்லை. எனக்கும் மறந்துவிட்டது. எப்போதும் அவர் ஞாபகம் வைத்துக்கொள்வார் என்று நான் கவனிப்பதை என்றைக்கோ நிறுத்தியிருந்தேன்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. போன் வந்தால் போச்சு. தெரியாத நிறுத்தத்தில் இறங்கிவிட்டவர் மாதிரி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கேன்டீனில் ஒருவன் என்னிடம், "அந்த விரல் ஆக்டிங் போடுடா, பார்த்து நாளாச்சு" என்றான். தூக்கினேன். எந்த உயரத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியவில்லை. குழந்தை பிறந்து கொஞ்ச நாளில் அவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். டிபக்கர் மட்டும் இருந்தது. வேலை இல்லாத நேரத்தில் அந்தப் பழைய பிணத்தை எடுத்து அதில் ஓட்டிப் பார்ப்பேன். அக், சிக்னல், ரீலிங்க், மெயின். ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னது. கேட்கிற ஆள்தான் வெறும் பிரின்டர் ஆபரேட்டர்.

கலியன் இப்போது நெல்லிக்குப்பத்தில் சீசனுக்குச் சர்க்கரை ஆலைக்கு வெளியே கரும்பு லாரிகளை வரிசையில் நிறுத்துகிறான். நாள் முழுக்க நின்றுகொண்டுதான். போன வாரம் போய், டீக்கடையில் உட்காரவைத்து இதை முழுக்க அவனுக்குப் படித்துக் காட்டினேன். கீரைக்காரம்மா வந்த இடத்தில் சிரித்தான். அம்மா வந்த இடத்தில் ரோட்டைப் பார்த்தான்.

"அந்த 'லிங்க்' மட்டும் கடைசி வரைக்கும் அவர் வாயில வரவே இல்ல பாத்தியா" என்றேன்.

கலியன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"மறுநாளு காத்தால எங்க வூட்டாண்ட வந்து நின்னுகினு 'லிங்க்'னு சொன்னாருடா, அங்க மேனேஜர் யாரும் இல்ல பாரு."